கருவி ஓடினால் தூசு உறிஞ்சியும் தானாக ஓட வேண்டும்: பட்டறை அனுபவங்கள்

தச்சுப் பட்டறை, திருச்சி

வணக்கம். டேபிள் சாவோ (மேசை ரம்பம்) சாண்டரோ (மரத்தைத் தேய்த்து வழவழப்பாக்கும் கருவி) ஓடத் தொடங்கியதும் தூசு உறிஞ்சி தானாகவே இயங்கும்படி ஏற்பாடு செய்திருப்பவர்கள் தங்கள் அனுபவத்தை இங்கே எழுத வேண்டுகிறேன். முதலில் எங்களுடையதைச் சொல்லிவிடுகிறேன்.

பெரிய வேலை என்றால் ஆட்கள் உறிஞ்சியைப் போட்டுவிட்டுத்தான் தொடங்குவார்கள். ஒரு சட்டத்தின் முனையில் அரை அங்குலம் நறுக்க வேண்டும் என்றால், சுவிட்ச் இருக்கும் மூலைவரை யாரும் நடப்பதில்லை. ஆனால் பட்டறையில் நாள் முழுவதும் நடப்பவை பெரும்பாலும் இப்படிப்பட்ட துண்டு வேலைகள்தாம். மூச்சில் ஏறும் தூளில் பெரும்பங்கு அவற்றிலிருந்தே வருகிறது என்பது என் எண்ணம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் வெளியிட்ட அறிக்கையிலேயே மரத்தூளை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. மூக்கிலும் அதை ஒட்டிய எலும்பறைகளிலும் வரும் புற்றுநோயே அதில் முதன்மையானது. ஆகவே மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்காக அன்றி, ஆட்களின் மூச்சுக்காகவே இந்த வேலையில் இறங்கினோம்.

கருவிகளுக்குப் போகும் வயரில் மின்னோட்டத்தை உணரும் ஒரு வளையத்தை மாட்டி, கருவி ஓடும்போது அது தரும் சமிக்ஞையால் உறிஞ்சியை இயக்குவதுதான் எங்கள் முறை. வளையத்துக்குள் பேஸ் வயர் மட்டுமே போக வேண்டும். பேஸும் நியூட்ரலும் சேர்ந்து போனால் இரண்டின் மின்னோட்டமும் எதிரெதிராக அமைந்து ஒன்றையொன்று அழித்துவிடும், வளையம் எதையும் உணராது. டேபிள் சாவைப் பொறுத்தவரை எந்தத் தொல்லையும் இல்லை. 300 வாட் சாண்டர் ஏறத்தாழ 1.3 ஆம்பியர்தான் இழுக்கும் என்பதால், எங்கள் வளையம் அதைச் சில நேரம் உணர்ந்தது, சில நேரம் உணரவில்லை. வயரிங் செய்தவர் அந்த பேஸ் வயரை வளையத்துக்குள் மூன்று முறை சுற்றி எடுத்தார். மூன்று சுற்றுக்கு மூன்று மடங்கு அளவு காட்டும் என்று அவர் விளக்கினார். அதன் பிறகு சாண்டர் ஒருமுறைகூடத் தவறவில்லை.

கருவி நின்றவுடன் உறிஞ்சியும் நின்றுவிடக் கூடாது என்பதை நான் அழுத்திச் சொல்வேன். ரம்பத்தின் மின்சாரம் நின்ற பிறகும் பல் சில நொடிகள் சுழன்றுகொண்டே இருக்கும். அதன் மறைப்புக்குள் மிதக்கும் மெல்லிய தூள் அப்போதுதான் வெளியே வரும். காலை வெயில் ஜன்னல் வழியாகச் சாய்ந்து விழும் நேரத்தில் ரம்ப மேசைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால் அது தெளிவாகத் தெரியும். சாண்டர் வேலையில் விட்டு விட்டுத் தேய்ப்பதால், ஒவ்வொரு முறையும் உறிஞ்சியின் மோட்டார் நின்று மறுபடி கிளம்பினால் அதன் சுருள் சூடேறிப் போகும். இந்த இரண்டு காரணங்களுக்காகவும் 20 நொடி தாமதித்து நிற்கும்படி வைத்திருக்கிறோம்.

மின்பணியாளர், மதுரை

ஐயா சொன்ன முறை சரியானது. உறிஞ்சியின் மோட்டாரை எதன் வழியாக இயக்குகிறோம் என்பதில்தான் பல பட்டறைகளில் கோளாறு வரக் கண்டிருக்கிறேன். 2 குதிரைத்திறன் சிங்கிள் பேஸ் மோட்டார் ஓடும்போது 10 ஆம்பியர் அளவில் எடுத்தாலும், கிளம்பும் கணத்தில் அதைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். 10 ஆம்பியர் என்று மேலே அச்சிட்டிருக்கும் சின்னஞ்சிறு ரிலே, அதாவது சமிக்ஞை வந்ததும் தானாகப் போட்டு அணைக்கும் சுவிட்ச், அதைத் தாங்காது. ஒரு பட்டறையில் உறிஞ்சி நிற்கவே மாட்டேன் என்கிறது என்று அழைத்தார்கள். ரிலேயைப் பிரித்துப் பார்த்தபோது உள்ளே இரண்டு வெள்ளி முனைகளும் உருகி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன, ஸ்க்ரூ டிரைவரால் நெம்பித்தான் பிரிக்க முடிந்தது. சிறிய ரிலே, பெரிய சுமைக்கான சுவிட்சாகிய காண்டாக்டரின் சுருளை மட்டும் இயக்கட்டும். மோட்டாரின் சுமையை, மோட்டாருக்கென்று ஏசி-3 தரத்தில் மதிப்பிட்ட காண்டாக்டர் சுமக்கட்டும். மோட்டார் அளவுக்கு மேல் மின்சாரம் இழுத்தால் அதை நிறுத்தும் ஓவர்லோடு ரிலேயும் கூடவே இருக்க வேண்டும்.

ரம்பமும் உறிஞ்சியும் ஒரே நொடியில் கிளம்பினால் எம்சிபி (மின்னோட்டம் அளவு மீறினால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்துவிடும். உறிஞ்சி ஓரிரு நொடி பிந்திக் கிளம்பும்படி வைத்து, அதற்கு மெயின் போர்டிலிருந்து தனி லைன் இழுத்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

தானாக இயங்கும் எந்த இயந்திரத்திலும் ‘தானாக’, ‘நிறுத்தம்’, ‘கையால்’ என்று மூன்று நிலைகள் கொண்ட திருப்பு சுவிட்ச் ஒன்றைக் கட்டாயம் வைக்கச் சொல்லுகிறேன். குழாயில் மரச்சீவல் அடைத்துக்கொண்டது என்று ஒருவர் உறிஞ்சியின் வாயைத் திறந்து கையை விட்டிருக்கும் நேரத்தில், மறுமூலையில் இன்னொருவர் ஒன்றும் அறியாமல் ரம்பத்தைப் போட்டால், அந்தக் கையின் கதி என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். சுவிட்சை நிறுத்தத்தில் வைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்ட பிறகே மூடியைத் திறக்க வேண்டும்.

மரமும் இரும்பும் சேர்ந்த வேலை, ஈரோடு

நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அங்கே உணரும் வளையம் மாட்டிய போர்டில்தான் எல்லாக் கருவிகளையும் மாட்டுவார்கள். ஒரு நாள் கட்டில் சட்டத்துக்கான சதுரக் குழாயை, உறிஞ்சியின் திறந்த குழாய்வாய்க்குச் சற்றுத் தள்ளி வைத்து ஆங்கிள் கிரைண்டரால் அறுத்தார்கள். கிரைண்டர் ஓடியதும் உறிஞ்சியும் ஓடியது; தீப்பொறிகள் நேராக உள்ளே போயின. அப்போது எதுவும் தெரியவில்லை. சாப்பாட்டு நேரத்தில்தான் பையின் அடிப்பக்கம் பழுப்பாகி, மெல்லிய புகையும் கருகல் வாடையும் வந்தன. மரத்தூளுக்குள் விழுந்த கங்கு தீயாக எரியாமல் உள்ளுக்குள்ளேயே வெகுநேரம் கனன்றுகொண்டிருக்கும். பையை வெளியே இழுத்துப் போட்டுத் தண்ணீர் ஊற்றியதால் பட்டறை தப்பியது. எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு அது பற்றியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைக்கவே அச்சமாக இருக்கிறது.

கருவி மரத்தை அறுக்கிறதா, இரும்பை அறுக்கிறதா என்பது அந்த வளையத்துக்குத் தெரியாது. இப்போது என் பட்டறையில் மர வேலைக்கான பிளக் பாயிண்டுகளுக்குச் சிவப்பு வண்ணம் பூசியிருக்கிறேன். அந்த லைனில் மட்டும்தான் வளையம் இருக்கிறது. இரும்பு வேலைக்குத் தனி லைன், தனி இடம். ஆணியோடு வரும் பழைய மரத்தை அறுக்கும் நாளில் மாலையில் பையைக் காலிசெய்து, தூளை வெளியே மூடி போட்ட தகர டின்னில் வைத்துவிட்டுத்தான் கதவைப் பூட்டுகிறோம்.

தச்சுப் பட்டறை, திருச்சி

திருப்பு சுவிட்சுக்கும் தனி லைனுக்கும் நாளையே ஏற்பாடு செய்கிறேன். இருவருக்கும் என் மனமார்ந்த நன்றி. பேட்டரியில் ஓடும் கருவிகளை இந்த வளையம் உணராது என்பதால் அவற்றுக்கு என்ன செய்கிறீர்கள்?

மின்பணியாளர், மதுரை

இரண்டு வழிகள் உண்டு. கையடக்க ரிமோட் ஒன்றைக் கருவியிலேயே கட்டிவிடலாம். குழாயின் ஒவ்வொரு கிளையிலும் காற்றை அடைக்கும் தகடு இருந்தால், அதைத் திறக்கும்போது அழுந்தும்படி சிறு மைக்ரோ சுவிட்ச் பொருத்தி, வளையத்தின் ரிலேக்கு இணையாக இணைக்கலாம். எனக்கு இரண்டாவது முறையே பிடித்திருக்கிறது. தகட்டைத் திறக்காமல் உறிஞ்சி ஓடிப் பயனில்லை என்பதால், ஆட்கள் எப்படியும் செய்ய வேண்டிய வேலையே சுவிட்சையும் போட்டுவிடுகிறது. தூள் புகாதபடி மூடிய வகை சுவிட்சாகப் பார்த்து வாங்குங்கள். திறந்த வகையின் நெம்புகோலுக்கு அடியில் தூள் சேர்ந்து இறுகிவிடும்.