மறு: ‘பிளாக் டைம்’ என்பதற்குத் ‘தொகுதி நேரம்’ சரிதானா?

நண்பர்களுக்கு வணக்கம்.

விமானப் பயணத்தில் வரும் ‘பிளாக் டைம்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் ‘தொகுதி நேரம்’ என்று வைக்கலாம் என ஒரு முன்மொழிவு வந்திருக்கிறது. அதை ஏற்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இங்கே பிளாக் என்பது தொகுதி அல்ல. நிற்கிற விமானத்தின் சக்கரம் உருளாமல் இருக்க முன்னும் பின்னும் கொடுக்கிற கட்டை. கட்டையை எடுத்து விமானம் நகரத் தொடங்கியதிலிருந்து, போய்ச் சேர்ந்து நின்று மறுபடி கட்டை கொடுக்கும் வரை ஆகும் நேரம்தான் பிளாக் டைம். ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது, இறங்கியபின் வாயிலுக்கு வருவது எல்லாம் இதில் அடக்கம். பயணச்சீட்டில் இருக்கும் புறப்பாடு, வருகை நேரங்களும் இந்தக் கணக்கில்தான் வருகின்றன.

‘பறப்பு நேரம்’ போதாதா என்று இன்னொரு மடலில் கேட்டிருந்தார்கள். சிக்கலே அங்குதான். பன்னாட்டுக் குடிசார் வான்பயண அமைப்பான ஐகாவோவின் வரையறையில், ‘ஃபிளைட் டைம்’ என்பதே விமானம் மேலெழுவதற்காக முதலில் நகர்ந்ததிலிருந்து கடைசியாக நிற்கும் வரை உள்ள நேரம். தரையில் ஊர்வதும் அதில் சேர்த்தி. ஆனால் தமிழில் பறப்பு என்று படிப்பவர், சக்கரம் தரையை விட்டபின் என்றுதானே எடுத்துக்கொள்வார்? அதனால் மேலெழுந்து தரை தொடும் வரையுள்ள ‘ஏர் டைம்’ என்பதற்கு மட்டும் ‘பறப்பு நேரம்’ வைப்போம்.

அப்போ பிளாக் டைம்? முதலில் ‘முட்டுக்கட்டை’ நினைவுக்கு வந்தது. தேர்ச் சக்கரத்துக்குக் கொடுப்பதும் அதே வேலை செய்யும் கட்டைதான். ஆனால் இன்று ‘முட்டுக்கட்டை நேரம்’ என்றால் தாமதம் என்றே படிப்பார்கள். தேரோடு வந்த இன்னொரு சொல் கைகொடுக்கிறது: நிலை. தேர் நிற்கும் இடம் நிலை. ஓடி முடித்ததும் ‘தேர் நிலைக்கு வந்தது’ என்கிறோம். விமானம் வந்து நிற்கும் இடத்துக்கும் அது அப்படியே பொருந்துகிறது. ஆகவே என் பரிந்துரை ‘நிலைக்கு நிலை நேரம்’. அட்டவணைத் தலைப்புக்கு நீளம் என்றால் ‘நிலையிடை நேரம்’ என்று சுருக்கலாம். ‘இடை’ என்பது வழியில் தங்குவதை நினைவூட்டுமோ என்ற தயக்கம் எனக்கு இருக்கிறது, அதனால் உரைநடையில் விரித்தே எழுதுவது நல்லது.

அப்புறம் தொலைவு. இரு நகரங்களுக்கிடையே உள்ள தொலைவைச் சொல்ல ‘நேர்கோட்டுத் தொலைவு’ பொருந்தாது. இரு நகரங்களுக்கிடையே உண்மையில் நேர்கோடு போட்டால் அது பூமிக்குள் புகுந்துதான் வெளியே வரும். நாம் கணக்கிடுவது பூமிக் கோளத்தின் மேற்பரப்பு வழியே செல்லும் மிகக் குறுகிய வளைவின் நீளத்தை. அதற்குப் ‘பெருவட்டத் தொலைவு’ சரி. ‘வான்வழித் தொலைவு’ என்பதை விமானம் நிஜமாகவே பறந்த வழிக்கு ஒதுக்கிவிடலாம்.

இந்தப் பிரிவு வீண் நுணுக்கம் அல்ல. ஹெல்சிங்கி – டோக்கியோ பெருவட்டத் தொலைவு சுமார் 7,800 கிலோமீட்டர். சைபீரியாவின் மேலே பறந்த காலத்தில் ஒன்பது மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆனது. 2022-இல் ரஷ்ய வான்வெளி அடைபட்டபின் வட துருவத்தின் வழியே சுற்றிப் போனதில் பதின்மூன்று மணி நேரம் வரை ஆனது. பெருவட்டத் தொலைவு ஒரு மீட்டர்கூட மாறவில்லை. வான்வழித் தொலைவு 12,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. வெறுமனே ‘தொலைவு’ என்று எழுதினால் படிப்பவர் எதை எடுத்துக்கொள்வார்?

விமானம் தரையில் ஊர்ந்து போவதைச் சொல்லும் டாக்சியிங் என்பதற்கு ‘ஊர்வு’ போதும் என்று நினைக்கிறேன். வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.

அன்புடன்