அனுபியாஸ் இலையில் கறுப்பு முடி, மணலில் பச்சை ஆடை: ஒரே மருந்து போதுமா?

பட்டர்வொர்த்_தொட்டி:
இரண்டடி மீன்தொட்டி, தண்ணீர் 55 லிட்டர். பால்கனிப் பக்கம் என்பதால் காலையில் இரண்டு மணி நேரம் நேர்வெயில், விளக்கு வேறு 10 மணி நேரம். அனுபியாஸ் என்ற நீர்ச்செடியின் இலை ஓரமெல்லாம் கறுப்பு முடிக்கொத்து, தேய்த்தாலும் வரவில்லை. மணல்மேல் நீலப்பச்சைப் படலம், பாலாடை மாதிரி உரிகிறது, சேற்று நாற்றம். கப்பி மீன், செர்ரி இறால், வாலிஸ்னேரியா செடி இருக்கின்றன. பாசிக்கொல்லி ஊற்றலாமா?

செந்தூல்காரன்:
ஊற்றாதீங்க. பல பாசிக்கொல்லியில் செம்பு இருக்கும், இறால்தான் முதலில் போகும். அதோடு இது இரண்டு வேறு தொல்லை. கறுப்பு முடி உண்மையில் செம்பாசி வகை. ஒரு துணுக்கை ஸ்பிரிட்டில் ஊறவைத்தால் சிவக்கும். மணலில் இருப்பது பாசியே இல்லை, சயனோபாக்டீரியா, அதாவது ஒளியில் வளரும் ஒரு வகை பாக்டீரியா.

அனுபியாஸை வெளியே எடுத்து, 1 பங்கு வாசனையில்லாத குளோராக்ஸ் (துணி வெளுக்கும் பிளீச்), 19 பங்கு தண்ணீரில் இரண்டு நிமிடம் முக்கி எடுங்க. பிறகு குளோரின் நீக்கி கலந்த தண்ணீரில் நன்றாக அலசணும். வாலிஸ்னேரியாவை அதில் முக்கினால் கரைந்தே போகும்.

பாயான்_பாரு:
குளோராக்ஸ் கொஞ்சம் முரட்டு வைத்தியம் அண்ணே, நிமிடம் தப்பினால் இலை போச்சு. மருந்துக் கடையில் கிடைக்கும் 3% ஹைட்ரஜன் பெராக்சைடை தூரிகையால் முடிமேல் மட்டும் தடவி, ஐந்து நிமிடம் விட்டு, அலசி உள்ளே வைத்தால் போதும். இறாலுக்கும் பயமில்லை.

படலத்துக்கு: முதலில் டியூபால் உறிஞ்சி எடுங்க. தொட்டியைக் கறுப்புத் துணியால் மூடி மூன்று நாள் இருட்டு, ஏர் பம்ப் முழு நேரமும் ஓடணும். மூடிய படலம் அழுகும்போது ஆக்சிஜன் குறையும், நம்ம ஊர் 30 டிகிரி தண்ணீரில் ஏற்கெனவே அது கம்மிதான். திறந்ததும் பாதித் தண்ணீர் மாற்றுங்க. தண்ணீரில் நைட்ரேட் (செடிக்கான சத்து) பூஜ்யத்தில் நின்றாலும், மணல்மேல் நீரோட்டம் செத்திருந்தாலும் திரும்ப வரும்.

வெயிலைத் திரையிட்டு, விளக்கை 6 மணி நேரமாக்காவிட்டால் இத்தனையும் வீண்.

பட்டர்வொர்த்_தொட்டி:
மிதக்கும் செடி போட்டால் வெயில் மறையுமா?

பாயான்_பாரு:
மறையும், சத்தையும் உறிஞ்சும். ஆனால் சால்வினியா என்ற மிதக்கும் செடி வாரம் ஒரு முறை பாதியை அள்ளினால்தான் அடங்கும். அள்ளியதை லோங்காங்கில் (சாக்கடை வடிகாலில்) மட்டும் வீசாதீங்க. பிரேசில் பூர்வீகம், ஆற்றில் சேர்ந்தால் மேல்பரப்பையே மூடிவிடும். வெயிலில் காயவைத்துக் குப்பையில் போடுங்க.

செந்தூல்காரன்:
பெராக்சைடு சரி, ஒத்துக்கறேன். தடவிய இடம் இரண்டு மூன்று நாளில் இளஞ்சிவப்பாகி வெளுத்தால் செத்துவிட்டது, மிச்சத்தை இறாலே தின்னும். கறுப்பாகவே நின்றால் இன்னொரு தடவை தடவுங்க.