ஏசி பழுதுக்கு நம்பகமான மெக்கானிக்: கூப்பிடும் முன் என்ன கேட்பது, வந்தபின் எதைக் கவனிப்பது?

கேள்வி: மாடிவெயில்

1.5 டன் இன்வெர்ட்டர் ஸ்பிளிட், ஹாட் அண்ட் கோல்ட் மாடல், உள்ளே சுற்றும் குளிரூட்டும் கேஸ் ஆர்32. மாட்டி மூன்று வருடம் ஆகிறது. ஃபில்டர் சுத்தமாக இருந்தும் குளிர்ச்சி குறைந்துவிட்டது. இன்டோர் காயிலின் (உள் யூனிட்டின் குளிரும் குழாய்ச் சுருள்) ஒரு மூலையில் மட்டும் பனி படிகிறது, மற்ற பகுதி காய்ந்தே இருக்கிறது. திரையில் எரர் கோட் எதுவும் வரவில்லை.

பார்த்த இருவரில் ஒருவர் கேஸ் டாப்-அப் போட்டால் போதும் என்கிறார். இன்னொருவர் பிசிபி (கட்டுப்படுத்தும் மின்னணு போர்டு) போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார். இருவருமே மீட்டரை வெளியே எடுக்கவில்லை. மூன்றாவதாக ஒருவரைக் கூப்பிடும் முன், அவருக்கு வேலை தெரியுமா என்று போனிலேயே கண்டுபிடிக்க வழி உண்டா? வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: செம்புக்குழாய்

ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்துபோவதில்லை. மூடிய குழாய்க்குள் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது, அவ்வளவுதான். குறைந்திருந்தால் எங்கோ லீக் இருக்கிறது என்றுதான் அர்த்தம். லீக்கைத் தேடாமல் டாப்-அப் போடுகிறேன் என்பவர், அடுத்த சீசனிலும் வந்து அதையே போட வேண்டியிருக்கும்.

நீங்கள் சொல்லும் அறிகுறி கேஸ் குறைவைத்தான் காட்டுகிறது. இருக்கும் கொஞ்சம் கேஸ் காயிலுக்குள் நுழையும் இடத்திலேயே கொதித்துத் தீர்ந்துவிடும். அங்கே வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிப் பனி பிடிக்கும், மிச்சக் காயில் வெதுவெதுப்பாகவே இருக்கும். காற்றோட்டம் அடைபட்டிருந்தால் இப்படி ஒரு மூலையில் நிற்காது, காயில் முழுக்கப் பரவலாக ஐஸ் கட்டும்.

போனில் கேட்க மூன்றே கேள்வி போதும். லீக்கை எப்படித் தேடுவீர்கள்? வேக்யூமை எதில் அளப்பீர்கள்? கேஸை எடை போட்டு ஏற்றுவீர்களா?

முதல் கேள்விக்கு நைட்ரஜன் என்ற சொல் பதிலில் வர வேண்டும். உலர்ந்த நைட்ரஜனை ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நுரை வைத்துப் பார்ப்பதுதான் முறை. எவ்வளவு அழுத்தம் என்பது யூனிட் பெயர்ப்பலகையில் இருக்கும் உச்சவரம்பைத் தாண்டக் கூடாது. ஆக்சிஜனையோ கம்ப்ரசர் காற்றையோ ஏற்ற விடவே விடாதீர்கள். உள்ளே இருக்கும் எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும். ஏற்றியபின் ஒரு மணி நேரமாவது முள் நகராமல் நிற்க வேண்டும். இடையில் வெயில் தாழ்ந்து வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் அழுத்தம் நூற்றுக்கு மூன்று பங்கு போலத் தானாகவே இறங்கும், அதை லீக் என்று எண்ண வேண்டாம்.

வேக்யூம் என்பது கேஸ் ஏற்றும் முன் குழாயில் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்சி எடுப்பது. அதனால் இரண்டாவதற்கு மைக்ரான் கேஜ் (மிச்சமிருக்கும் மிகக் குறைந்த அழுத்தத்தை நுட்பமாக அளக்கும் மீட்டர்) என்று சொல்ல வேண்டும். மெக்கானிக்குகள் வழக்கமாக மாட்டும் மேனிஃபோல்ட் அழுத்த மீட்டரின் முள்ளில் 500 மைக்ரானும் 5000 மைக்ரானும் ஒரே இடத்தில்தான் நிற்கும். பம்பைப் பத்து நிமிடம் ஓட்டினேன், முள் அடியில் இருக்கிறது என்பது அளவே அல்ல. 500 மைக்ரானுக்குக் கீழே இறக்கி, வால்வை மூடி, பம்பை நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டும். அளவு நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் லீக். கொஞ்சம் ஏறி ஓர் இடத்தில் நின்றுவிட்டால் உள்ளே ஈரம் இருக்கிறது, மறுபடி பம்ப் ஓட்ட வேண்டும். ஈரத்தோடு கேஸ் ஏற்றினால் எண்ணெய் அமிலமாகி கம்ப்ரசர் வைண்டிங்கை அரிக்கும். அது இரண்டு மூன்று சீசன் கழித்துத்தான் தெரியும், அதற்குள் வேலை செய்தவர் யார் என்பதே மறந்துபோயிருக்கும்.

அதனால் அக்கம்பக்கத்தில் விசாரிக்கும்போது, போன மாதம் மாட்டியவர்களைக் கேட்காதீர்கள். மூன்று நான்கு வருடம் முன்பு மாட்டி, இடையில் கேஸ் போடாமலே ஓடிக்கொண்டிருக்கும் வீட்டில், யார் மாட்டினார் என்று கேளுங்கள்.

பதில்: காற்றோட்டம்

மேலே சொன்னது சரி. எதையும் கழற்றும் முன் செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று இருக்கிறது, நல்ல மெக்கானிக் இதிலிருந்துதான் தொடங்குவார். ஃபேனை உச்சத்தில் வைத்து 15 நிமிடம் ஓட்டிவிட்டு, யூனிட்டுக்குள் போகும் காற்றின் வெப்பநிலையையும் வெளியே வரும் காற்றின் வெப்பநிலையையும் எடுக்க வேண்டும். வித்தியாசம் 8 முதல் 12 டிகிரி இருந்தால் யூனிட் தன் வேலையைச் செய்கிறது, குறை அறையின் வெப்பச் சுமையில் இருக்கிறது. காற்றில் ஈரப்பதம் மிக அதிகமான நாளில் வித்தியாசம் சற்றுக் குறையும், ஏனென்றால் சக்தியில் ஒரு பங்கு நீரைப் பிரிப்பதிலேயே போய்விடும்.

கூடவே அவுட்டோர் காயிலையும் பாருங்கள். தூசி அப்பியிருந்தால் வெப்பம் வெளியேறாது. கழுவும்போது தண்ணீரை உள்ளிருந்து வெளிப்பக்கமாக அடிக்க வேண்டும், காயிலுக்கு நேராக, அழுத்தம் குறைவாக. சாய்த்து வேகமாக அடித்தால் அலுமினிய ஃபின் (மெல்லிய தகடு) மடிந்து காற்றுவழி அடைந்துவிடும். ஆசிட் கலந்த கிளீனர் வேண்டாம்.

மிஷினை நிறுத்திவைத்து கேஜ் மாட்டிப் பார்த்தாலும் கேஸ் அளவு தெரிந்துவிடுமே. 30 டிகிரியில் ஆர்32-க்கு 265 பிஎஸ்ஐ அழுத்தம் வாக்கில் காட்டினால் கேஸ் முழுதாக இருக்கிறது.

பதில்: செம்புக்குழாய்

நண்பரே, கடைசிப் பத்தியை மட்டும் மறுக்க வேண்டியிருக்கிறது. இந்த ஒரு தவறான நம்பிக்கையால்தான் நிறைய வீட்டில் தேவையில்லாமல் கேஸ் ஏறுகிறது, தேவையான இடத்தில் ஏறாமலும் போகிறது.

நிறுத்திவைத்த யூனிட்டில் அழுத்தம் வெப்பநிலையை மட்டும்தான் சொல்லும். உள்ளே ஒரு துளி திரவம் மிச்சம் இருக்கும் வரை, 300 கிராம் இருந்தாலும் 900 கிராம் இருந்தாலும் அதே 265தான் காட்டும். சமையல் கேஸ் சிலிண்டரில் பாதி தீர்ந்தாலும் அழுத்தம் மாறாமல் இருக்கிறதே, அதே கணக்கு.

ஓடும்போது பார்க்கலாமே என்றால், இன்வெர்ட்டரில் அதுவும் தனியாகப் பயன்படாது. கம்ப்ரசர் வேகம் ஏறி இறங்குவதால் சக்ஷன் அழுத்தமும் (கம்ப்ரசர் கேஸை உறிஞ்சும் பக்கத்து அழுத்தம்) ஏறி இறங்கும். கையேட்டில் சொல்லியிருக்கும் டெஸ்ட் மோடில் வைத்து, வேகம் நிலையான பிறகு எடுத்தால்தான் பொருள் உண்டு. எல்லாவற்றையும்விட நிச்சயமான வழி, இருக்கும் கேஸை ரெக்கவரி மிஷினில் இழுத்து எடை போட்டு, பெயர்ப்பலகையில் அச்சிட்டிருக்கும் கிராமோடு ஒப்பிடுவது. மறுபடி ஏற்றுவதும் தராசில் வைத்துத்தான், போனில் கேட்கச் சொன்ன மூன்றாவது கேள்வி இதற்காகத்தான். குழாய் கையேட்டில் உள்ள நீளத்தைவிட அதிகமென்றால், கூடுதல் ஒவ்வொரு மீட்டருக்கும் எத்தனை கிராம் என்றும் அதிலேயே இருக்கும். 1/4 இன்ச் லிக்விட் லைனுக்கு (திரவ கேஸ் போகும் மெல்லிய குழாய்) மீட்டருக்கு 20 கிராம் என்பது பல மாடல்களில் வரும் அளவு. உங்கள் கையேட்டில் இருப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய கேஸைக் காற்றில் திறந்துவிடுபவரைத் தடுத்து நிறுத்துங்கள். ஒரு கிலோ ஆர்32 நூறு ஆண்டுக் கணக்கில் 675 கிலோ கரியமில வாயு அளவுக்குப் பூமியைச் சூடாக்கும். மூடிய அறைக்குள் விட்டால் தீப்பற்றும் அபாயமும் உண்டு. ஆர்32 மெதுவாக எரியும் வகை. அதனால்தான் கேஸை முழுதாக எடுத்து, நைட்ரஜன் ஓட்டிச் சுத்தம் செய்யாமல் வெல்டிங் டார்ச்சைப் பற்றவைக்கக் கூடாது என்கிறோம். வெல்டிங் நடக்கும்போதும் குழாய்க்குள் மெல்லிய நைட்ரஜன் ஓட்டம் வேண்டும். இல்லையென்றால் உள்சுவரில் கருப்புச் செதில் உண்டாகி, பிறகு உதிர்ந்து போய், காயிலுக்குள் கேஸை அளவாக விடும் எக்ஸ்பான்ஷன் வால்வை அடைக்கும்.

பிசிபி பற்றி: எரர் கோட் இல்லாமல், கம்ப்ரசரும் ஓடிக்கொண்டு, காயிலில் ஒரு மூலை மட்டும் பனிப்பது பிசிபி பழுதின் முகம் அல்ல. ஒருவர் அப்படித்தான் என்று உறுதியாகச் சொன்னால் அளவைக் காட்டச் சொல்லுங்கள். கம்ப்ரசரின் மூன்று முனைகளுக்கு இடையேயும் ரெசிஸ்டன்ஸ் சமமாக இருக்கிறதா, தெர்மிஸ்டர் (வெப்பநிலை சென்சார்) கையேட்டு அட்டவணைப்படி காட்டுகிறதா என்று பார்த்தபிறகுதான் போர்டுக்குப் போக வேண்டும். தெர்மிஸ்டர் தவறாகக் காட்டியதற்கு முழு போர்டை மாற்றிய வேலைகள் ஏராளம். இந்தச் சோதனையை வீட்டுக்காரர் தானே செய்யக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அவுட்டோர் போர்டில் உள்ள பெரிய கெபாசிட்டர்கள் 300 வோல்ட்டுக்கு மேல் சில நிமிடம் பிடித்துவைத்திருக்கும்.

பதில்: காற்றோட்டம்

ஒப்புக்கொள்கிறேன். நிறுத்திவைத்துப் பார்ப்பது கேஸ் அறவே இல்லையா என்று அறிய மட்டும்தான் உதவும்.

பதில்: நீலச்சுடர்

ஹாட் அண்ட் கோல்ட் என்பதால் சூடாக்கும் பக்கத்தையும் அதே வருகையில் பார்த்துவிடச் சொல்லுங்கள், இல்லையென்றால் குளிர்காலத்தில் திரும்பவும் ஆள் தேட வேண்டிவரும். ஹீட் மோடில் அவுட்டோர் காயில்தான் குளிர்ந்திருக்கும். அதன்மேல் மெல்லிய வெண்பனி படிவது இயல்பு. அவ்வப்போது யூனிட் தானே பனியை உருக்கும் டிஃப்ராஸ்ட்டுக்கு மாறி, சில நிமிடம் உள்ளே சூடு நின்று, வெளியே ஆவி கிளம்பும். இதைப் பழுது என்று சொல்லிக் காசு வாங்குபவர்கள் இருக்கிறார்கள். காயில் தெரியாத அளவுக்குக் கெட்டி ஐஸ் கட்டி, அது உருகவே இல்லை என்றால்தான் டிஃப்ராஸ்ட் சென்சாரையோ குளிர்-சூடு மாற்றும் ரிவர்சிங் வால்வையோ கேஸ் அளவையோ சந்தேகப்பட வேண்டும்.

இந்தத் திரியைப் படிப்பவர்களில் யார் வீட்டிலாவது எரிவாயு ஹீட்டரோ பாய்லரோ இருந்தால், அது வேறு தொழில். ஏசி மெக்கானிக்கிடம் அதைக் கொடுக்காதீர்கள். எரிவாயு வேலைக்கு உரிமம் உள்ளவர்தான் தொட வேண்டும், உரிம அட்டையைக் கேட்டுப் பார்ப்பதில் கூச்சம் வேண்டாம். அவர் கையில் புகைக்குழாயில் விட்டு அளக்கும் அனலைசர் இருக்க வேண்டும். சாதாரண பர்னரில் சுடர் நீலமாக, நிலையாக நிற்க வேண்டும். மஞ்சளாகி ஆடினால் எரிதல் முழுமையில்லை, கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு உண்டாகலாம். அதற்கு மணமும் இல்லை நிறமும் இல்லை. படுக்கையறை அருகே அலாரம் ஒன்று கட்டாயம் வையுங்கள். ஹீட்டர் ஓடும்போது வீட்டில் எல்லோருக்கும் சேர்ந்தாற்போல் தலைவலி, குமட்டல் வந்தால் முதலில் எல்லோரும் வெளியே போங்கள். மெக்கானிக்கைக் கூப்பிடுவதெல்லாம் அதற்குப் பிறகு.

மாடிவெயில்

எல்லோருக்கும் நன்றி. ஒன்று மட்டும் மிச்சம்: லீக் பெரும்பாலும் எங்கே இருக்கும்? இன்டோர் காயிலிலேயே இருந்தால் அடைப்பதா, மாற்றுவதா?

பதில்: செம்புக்குழாய்

முதலில் பார்க்க வேண்டியது ஃபிளேர் நட் இணைப்புகள் (குழாய் முனையை விரித்து நட்டால் இறுக்கியவை), உள்ளே இரண்டு, வெளியே இரண்டு. இணைப்பைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு, அதில் தூசி ஒட்டியிருந்தால் அங்கேதான். வெறுமனே முறுக்கி இறுக்கினால் நிற்காது. பழைய ஃபிளேரை வெட்டி, பிசிறு நீக்கி, புதிதாக விரித்து, டார்க் ரெஞ்சில் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பானர்) இறுக்க வேண்டும். 1/4 இன்சுக்கு 15 முதல் 17 நியூட்டன் மீட்டர், 3/8-க்கு 33 முதல் 40, 1/2-க்கு 50 முதல் 60. குறைந்தால் கசியும், கூடினால் ஃபிளேர் நசுங்கி மெலிந்து சில மாதத்தில் வெடிப்பு விடும். அவுட்டோரில் கேஜ் மாட்டும் சர்வீஸ் வால்வின் மூடிகளையும் பாருங்கள், வேலை முடிந்து அவற்றை மாட்டாமலே போய்விடுகிறார்கள்.

இன்டோர் காயிலின் வளைவில், கண்ணுக்குத் தெரியும் ஒரே ஓட்டை என்றால் வெல்டிங் வைக்கலாம். ஃபின்னுக்கு நடுவே நுண்துளைகளாக அரித்திருந்தால் ஒன்றை அடைத்தால் பக்கத்தில் இன்னொன்று திறக்கும், காயிலை மாற்றுவதே சரி. மூன்று வருடம்தான் ஆகிறது என்கிறீர்கள். காயிலுக்கோ கம்ப்ரசருக்கோ வாரண்டி மிச்சம் இருக்கிறதா என்று கார்டைப் பாருங்கள். இருந்தால் கம்பெனி சர்வீஸ் ஆள் வருவதற்கு முன் வெளியாள் யாரையும் குழாயைத் திறக்க விடாதீர்கள். லீக் அடைக்கும் திரவத்தை உள்ளே ஊற்றுகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள், எக்ஸ்பான்ஷன் வால்வும் ரெக்கவரி மிஷினும் அதில் அடைபடும்.

வேலை முடிந்ததும் பில்லில் நான்கு அளவை எழுதி வாங்குங்கள்: நைட்ரஜன் அழுத்தமும் அது நின்ற நேரமும், கடைசி மைக்ரான் அளவு, ஏற்றிய கேஸ் கிராமில், உள்ளே போகும் காற்றுக்கும் வெளியே வரும் காற்றுக்கும் உள்ள டிகிரி வித்தியாசம். அடுத்த முறை யார் வந்தாலும் அந்தத் தாளிலிருந்து தொடங்கலாம். இதையெல்லாம் எழுதித் தருவேன் என்று போனிலேயே தயங்காமல் ஒத்துக்கொள்பவரை வரச் சொல்லுங்கள்.