'அறச்சார்புவாதம்' பொருந்துமா? – இக்காலப் பாரசீகக் கவிதையை முன்வைத்து

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

அறம் எங்கும் எவர்க்கும் ஒன்றல்ல என்னும் 'மாரல் ரிலேட்டிவிசம்' கருத்துக்கு நம் கலைச்சொற்பட்டியலில் முன்மொழியப்பட்டுள்ள 'அறச்சார்புவாதம்' என்னும் சொல்லை என்னால் ஏற்க இயலவில்லை. 'சார்பு' என்பதற்கு முன் எது நிற்கிறதோ, அதன் பக்கம் சாய்வதையே தமிழில் அத்தொகை உணர்த்தும். 'கட்சிச் சார்பு' என்றால் கட்சியின் பக்கம் நிற்பது. அவ்வழியே 'அறச்சார்பு' அறத்தின் பக்கம் நிற்பதாகிவிடுகிறது. நாம் சொல்ல வந்ததோ, அறமே வேறொன்றைச் சார்ந்து மாறும் என்பது. 'ரிலேட்டிவிசம்' என்பதற்குப் பாரசீகர்கள் வழங்கும் 'நெஸ்பி-கராயி'யில் தொடர்புநிலையை 'நெஸ்பி'யும் சாய்வைக் 'கராயி'யும் தனித்தனியே சுமப்பதால் அங்கு இக்குழப்பம் இல்லை. (சொற்களைத் திருப்பிப் போட்டுச் 'சார்பறவாதம்' என்றால், நடுநிலையான வாதம் என்று படித்துவிடுவார்கள்.)

அறம் எதைச் சார்கிறதோ அதனை முன்னே வைத்து, 'நோக்குசார் அறவாதம்' எனலாம் என்பது என் பரிந்துரை. சற்றே நீளம்தான், ஆயினும் முதல் வாசிப்பிலேயே பொருள் விளங்கும்.

ஈரானியக் கவிஞர் சொஹ்ராப் செபெஹ்ரியின் 'நீரின் காலடியோசை' (1965) என்னும் கவிதை இச்சொல்லுக்கு நல்ல உரைகல். குதிரை மேன்மையானது, புறா அழகானது என்று ஏன் சொல்கிறார்கள், பிணந்தின்னிக் கழுகை ஏன் எவரும் கூண்டில் வளர்ப்பதில்லை என்று கேட்கும் அக்கவிதை, கண்களைக் கழுவி வேறுவிதமாகப் பார்க்கச் சொல்கிறது. மதிப்பீடு பார்ப்பவரின் நோக்கைச் சார்ந்தது என்பது இங்கே வெளிப்படை. ஆனால் செபெஹ்ரி உயர்வு தாழ்வு என்னும் வரிசையைத்தான் கலைக்கிறாரேயன்றி, கொடுமையும் ஒரு நோக்கில் சரியே என்று சொல்லவில்லை. ஆகவே அவரை முழு நோக்குசார் அறவாதி என்பது மிகை. கவிஞர் ஃபொரூக் ஃபரோக்சாதையும் நோக்குசார் அறவாதிகளின் வரிசையில் சேர்ப்பது தவறு. தம் கவிதைக்குப் 'பாவம்' என்றே தலைப்பிட்டவர், அச்சொல்லை மறுக்கவில்லை. அதற்காக வருந்தத்தான் மறுக்கிறார்.

எதிர்முனையில் கவிஞர் அகமது ஷாம்லூ நிற்கிறார். நீரைக் கலக்க வேண்டாம் என்ற செபெஹ்ரியின் வரியைச் சுட்டி, ஓடைக்கரையில் குற்றமற்றவர்களின் தலையை வெட்டும்போது இரண்டடி தள்ளி நின்றுகொண்டு அவ்வாறு அறிவுரை சொல்வதா என்ற பொருளில் அவர் கேட்டது புகழ்பெற்றது. இங்கே இன்னொரு சொல்லிணையையும் பிரித்தறிய வேண்டும். கடலில் ஒருவர் மூழ்கக் கரையில் களித்திருப்போரை அழைக்கும் நீமா யூஷிஜின் 'மனிதர்களே' (1941) என்னும் கவிதையைக் குறிக்க 'மனிதநேயம்' என்னும் சொல் போதும். மனிதனையே விழுமியங்களின் ஊற்றாகக் கொள்ளும் ஷாம்லூவுக்கு அது போதாது, 'மானுடமையவாதம்' வேண்டும்.

ஆகவே கலைச்சொற்பட்டியலில் 'மனிதநேயம்', 'மானுடமையவாதம்' இரண்டையும் தனித்தனியே பதியலாம். 'அறச்சார்பு' என்பதையும் நீக்க வேண்டாம். அதன் இயல்பான பொருளில், ஷாம்லூவின் நிலைப்பாட்டைக் குறிக்க அது தேவைப்படும்.