1994 இந்திய அழகிப் போட்டி: பட்டத்தைத் தீர்மானித்த அந்தப் பதில் சரியானதா?

தறிவீட்டுக்காரர் எழுதியது:

1994ஆம் ஆண்டு கோவாவில் நடந்த ஃபெமினா இந்திய அழகிப் போட்டியின் இறுதிச் சுற்றுப் பதிவைச் சென்ற வாரம் மீண்டும் பார்த்தேன். சுஷ்மிதா சென்னும் ஐஸ்வர்யா ராயும் சம மதிப்பெண்ணில் நின்றதால், இருவரிடமும் கூடுதலாக ஒரு கேள்வி கேட்டு, பதிலை வைத்தே பட்டத்தை முடிவு செய்தார்கள். நாட்டின் துணி மரபைப் பற்றி என்ன தெரியும், அது எவ்வளவு காலமாக இருந்து வருகிறது, தனக்கு எதை உடுத்தப் பிடிக்கும் என்று சுஷ்மிதாவிடம் கேட்டார்கள். எல்லாம் மகாத்மா காந்தியின் கதரிலிருந்து தொடங்கியதாகவும், அதன்பின் வெகுதூரம் வந்துவிட்டாலும் அடிப்படை அங்கேதான் என்றும் அவர் சொன்னார். பட்டம் அவருக்குக் கிடைத்தது.

என் தந்தை நாற்பது ஆண்டுகள் தறிக்குழியில் கால்வைத்து உட்கார்ந்து கோர்வைச் சேலை நெய்தவர். அதில் கரைக்குத் தனி நாடா (ஊடுநூலைத் தறியில் கொண்டுபோகும் கருவி), உடலுக்குத் தனி நாடா. மறுபக்கத்துக் கரைக்கு நாடா எறிய ஒரு சிறுவன் பக்கத்தில் உட்கார வேண்டும், பல ஆண்டுகள் அந்தச் சிறுவன் நான்தான். அந்தப் பதிலைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு வலிக்கிறது. மொகஞ்சதாரோவில் வெள்ளிக் கலயத்தோடு ஒட்டியிருந்த பருத்தித் துணித் துணுக்கு நாலாயிரம் ஆண்டுகளுக்கு முந்தியது. பூம்புகாரில் பட்டிலும் மயிரிலும் பருத்தி நூலிலும் நுண்ணிய வேலை செய்த காருகர் இருக்கையை, அதாவது நெசவாளர் குடியிருப்பைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. நம் நாட்டு அச்சுத் துணிகளுக்கு ஈடுகொடுக்க முடியாமல் இங்கிலாந்து 1700இலும் 1721இலும் சட்டம் போட்டுத் தடுத்தது. இவ்வளவும் காந்தி பிறப்பதற்கு முந்தைய செய்தி. “எவ்வளவு காலமாக” என்று நேராகக் கேட்ட கேள்விக்கு நேர்மாறான விடை தந்தவருக்கு நடுவர்கள் பட்டம் தந்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

மேகலை எழுதியது:

ஐயா, உங்கள் தந்தையின் உழைப்பை நீங்கள் எழுதியிருக்கும் விதம் மனத்தைத் தொட்டது. ஆனால் அந்த மேடையை நீங்கள் ஒரு வரலாற்றுத் தேர்வாக மாற்றிவிட்டீர்கள் என்று எனக்குப் படுகிறது. பதில் சொன்னவருக்கு அப்போது பதினெட்டு வயது. விமானப்படை அதிகாரியின் மகளாக டில்லியில் வளர்ந்தவர். அந்த ஆண்டு ஐஸ்வர்யா ராய் போட்டியிடுகிறார் என்று தெரிந்ததும் பல பெண்கள் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றார்கள் என்றும், தானும் திரும்பப் பெற்று, பிறகு தாயிடம் திட்டு வாங்கியே மீண்டும் போனதாகவும் அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஐஸ்வர்யாவோ அதற்கு முந்தைய ஆண்டே பெப்சி விளம்பரத்தின் மூலம் வீடு வீடாக அறியப்பட்டவர். அப்படிப்பட்டவருக்குச் சமமாக நின்று, எதிர்பாராத கேள்விக்குத் தடுமாறாமல் பேசியதைத்தான் நடுவர்கள் மதிப்பிட்டார்கள்.

துணியைப் பற்றித்தான் பேச்சு என்றால், அவர் அன்று அணிந்திருந்த துணியையும் பார்க்க வேண்டும். வடிவமைப்பாளரிடம் போகப் பணம் இல்லாததால் தாயும் மகளும் சரோஜினி நகர் சந்தையில் துணி வாங்கினார்கள். வீட்டுக்குக் கீழே பாவாடை தைத்துக்கொண்டிருந்த தையற்காரரிடம், இது தொலைக்காட்சியில் வரப்போகிறது, நன்றாகத் தைத்துக் கொடுங்கள் என்று சொன்னார்கள். மிஞ்சிய துண்டுத் துணியில் தாய் ஒரு ரோஜாப்பூ செய்து வைத்தார். கையுறைக்குப் புதிதாக ஒரு ஜோடி கறுப்புக் காலுறை வாங்கி, நுனியை வெட்டி, எலாஸ்டிக் வைத்துத் தைத்துக்கொண்டார்கள். அந்த உடையில்தான் அவர் பட்டம் வென்றார். அதே ஆண்டு மே மாதம் மணிலாவில் பிரபஞ்ச அழகியானார்; அந்தப் பட்டம் இந்தியாவுக்கு வந்தது அதுவே முதல் முறை. பெயர் தெரியாத ஒரு தையற்காரரின் கைவேலையை அந்த மேடைவரை கொண்டுபோன பெண்ணைத் துணி மரபு அறியாதவர் என்று ஒதுக்குவது நியாயமாகுமா?

தறிவீட்டுக்காரர் எழுதியது:

சகோதரி, அந்தப் பெண்ணை நான் எந்த இடத்திலும் ஒதுக்கவில்லை. காலுறையை வெட்டிக் கையுறை செய்த கதையைப் படிக்கும்போது எனக்கும் கண் கலங்குகிறது. என் குறை நடுவர்கள்மீதுதான். பதிலின் உள்ளடக்கத்துக்கு மதிப்பே இல்லை, சொல்லும் அழகுக்குத்தான் மதிப்பு என்றால், கேள்விக்குப் பதிலாக ஒரு கவிதையைச் சொல்லச் சொல்லியிருக்கலாம். நாட்டின் மரபு என்று ஒன்றைக் கேட்டுவிட்டு, சொன்னது சரியா தவறா என்று பார்க்காமல் விடுவது அந்த மரபைச் செய்த கைகளை அவமதிப்பதாகும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தப் பதில் காந்திக்கும் நியாயம் செய்யவில்லை. கைத்தறியைப் பற்றி எழுதத் தொடங்கிய காலத்தில் தான் ராட்டையைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை என்று அவரே தன் வாழ்க்கை வரலாற்றில் ஒப்புக்கொண்டிருக்கிறார். கங்காபென் என்ற பெண்மணி குஜராத்தில் ஊர் ஊராக அலைந்து, பரோடா சமஸ்தானத்து விஜாப்பூரில், வீடுகளின் பரணில் பயனற்ற மரச்சாமானாகப் போட்டிருந்த ராட்டைகளைக் கண்டுபிடித்தார். பரணில் கிடந்ததை இறக்கியதே காந்தியின் பெருமை. 1921 செப்டம்பரில் மதுரையில் மேலாடையைக் களைந்து அரைவேட்டிக்கு மாறியவர், துணி மரபு தன்னிலிருந்து தொடங்கியது என்று யாராவது சொல்லக் கேட்டிருந்தால் உடனே திருத்தியிருப்பார்.

ஓய்வுபெற்ற ஆசிரியை எழுதியது:

இருவரும் ஒரு பெண்ணின் பதிலையே சுற்றி வருகிறீர்கள். மற்றவரிடம் கேட்ட கேள்வியையும் கவனியுங்கள். கணவரிடம் எதிர்பார்க்கும் குணங்களை ‘தி போல்ட் அண்ட் தி பியூட்டிஃபுல்’ தொடரின் ரிட்ஜ் ஃபாரஸ்டரிடம் தேடுவீர்களா, ‘சாண்டா பார்பரா’ தொடரின் மேசன் கேப்வெல்லிடம் தேடுவீர்களா என்று ஐஸ்வர்யாவிடம் கேட்டார்கள். அவர் மேசனைச் சொன்னார். இரண்டும் அமெரிக்கத் தொடர்கள். அப்போது கேபிள் இணைப்புள்ள வீட்டில் மட்டுமே அவற்றைப் பார்க்க முடிந்தது. ஒருவரிடம் நாலாயிரம் ஆண்டு வரலாற்றையும் இன்னொருவரிடம் தொடர் நாயகனையும் கேட்டு, இரண்டு பதிலையும் ஒரே தராசில் நிறுத்தது எப்படி முறையாகும்? கேள்விகள் இடம் மாறியிருந்தால் முடிவும் மாறியிருக்கும் என்றே நான் நினைக்கிறேன்.

மேகலை சொல்லும் எளிய குடும்பத்துக் கதையும் 1994இல் புதிதாகப் பிறந்ததன்று. 1966இல் உலக அழகியான ரீட்டா ஃபாரியா பம்பாயில் மருத்துவம் படித்த மாணவி. புடவையையும் நீச்சலுடையையும் இரவல் வாங்கிக்கொண்டு லண்டன் போனவர். ஓராண்டு முடிந்ததும் படிப்புக்குத் திரும்பி மருத்துவரானார். அவர் வென்றபோது இங்கே அழகுசாதனச் சந்தை இப்படிப் பெருகவில்லை. 1994 வேறு காலம். 1991க்குப் பிறகு சந்தை திறந்துவிடப்பட்டு, வெளிநாட்டு ஒப்பனைப் பொருட்கள் கடைக்கு வந்துகொண்டிருந்தன. நவம்பரில் ஐஸ்வர்யா உலக அழகியும் ஆனபின், எங்கள் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மதிய உணவுக் காசை மிச்சம் பிடித்து நிறம் மாற்றும் பசை வாங்கியதை நான் நேரில் கண்டேன். ஒரு பிள்ளை அதைப் பூசி முகமெல்லாம் தடித்துப்போய் ஒரு வாரம் வகுப்புக்கே வரவில்லை. பதிலில் இருந்த பிழையைவிட இதுவே என்னை இன்றும் வாட்டுகிறது.

மேகலை எழுதியது:

அம்மா, கேள்விகள் சமமாக இல்லை என்பதை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். இதுவரை நான் அந்தக் கோணத்தில் பார்த்ததில்லை. பசையின் கதையை மட்டும் அந்த இரு பெண்களின் கணக்கில் எழுதுவதை ஏற்க மாட்டேன். பெண் பார்க்க வருகிறவர்கள் நிறம் கேட்டது 1994க்கு முன்னும் உண்டு. கறுப்பு என்று சொல்லி என் அத்தையைத் தட்டிக்கழித்தது 1970களில். நானோ 1994இல் பத்து வயதுச் சிறுமி. செய்தித்தாளில் வந்த, சுஷ்மிதா கிரீடம் சூடிய படத்தை வெட்டி நோட்டுப் புத்தகத்தில் ஒட்டிவைத்தேன். எங்கள் தெருவில் ஒரு பெண் நாலு பேர் முன்னால் நின்று தன் கருத்தைச் சொன்னால் வாயாடி என்பார்கள். உலகமே பார்க்க நின்று பேசிய ஒரு பெண்ணுக்குக் கிரீடம் வைத்ததை அந்தப் படம் எனக்குக் காட்டியது.

தறிவீட்டு ஐயாவிடம் ஒன்று கேட்கிறேன். சில விநாடிகளில், விளக்கு வெளிச்சத்தில் நின்றுகொண்டு, நீங்கள் சொல்லும் வரலாற்றையெல்லாம் யாரால் சொல்ல முடியும்? சரியான பதில் என்று எதைச் சொல்லியிருக்க வேண்டும்?

தறிவீட்டுக்காரர் எழுதியது:

நல்ல கேள்வி, இரண்டு நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன். மொகஞ்சதாரோவையும் இங்கிலாந்துச் சட்டத்தையும் அந்த மேடையில் யாரும் சொல்ல வேண்டியதில்லை. “எத்தனை ஆயிரம் ஆண்டு என்று கணக்குச் சொல்ல எனக்குத் தெரியாது; காந்தி பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே நம் ஊர்களில் தறி ஓடியது, அது நின்றுபோகும் நிலையில் அவர் ராட்டையைப் பரணிலிருந்து இறக்கினார். நான் இப்போது உடுத்தியிருப்பது எங்கள் வீட்டுக்குக் கீழே இருக்கும் தையற்காரர் தைத்தது” என்று சொல்லியிருந்தால் போதும். சொல்லி முடிக்க அரை நிமிடம்கூட ஆகாது. கடைசி வரி நீங்கள் எழுதியதிலிருந்து எடுத்ததுதான். அந்தத் தையற்காரரை அவர் அன்று அந்த மேடையிலேயே சொல்லியிருந்தால், நடுவர்கள் கொடுத்த பட்டத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் எழுதியிருக்க மாட்டேன்.