கலைச்சொல்: ‘காலமுத்திரை’யா, ‘பதிவுச் சாய்சதுரமா’?

அன்பு நண்பர்களே,

பழைய பிரிட்டிஷ் அழுத்துக் கண்ணாடிக் கிண்ணங்களில் சாய்சதுர வடிவில் ஒரு சின்னக் குறி இருக்குமே, நான்கு மூலையிலும் எழுத்தோ எண்ணோ வைத்து? ஆங்கிலத்தில் அது ‘registration diamond’. நம் கலைச்சொல் பட்டியலில் அதற்கு ‘காலமுத்திரை’ என்று வைக்கலாம் என நம் குழுவிலுள்ள ஐயா ஒருவர் முன்மொழிந்திருந்தார். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு ஏற்க மனம் வரவில்லை.

அந்தக் குறி கிண்ணம் செய்த நாளைச் சொல்வதில்லை. அதன் வடிவமைப்பைப் பதிவுசெய்த நாளைச் சொல்கிறது. இரும்பு அச்சில் குறியை ஒருமுறை வெட்டிவிட்டால் போதும். உருகிய கண்ணாடியை இட்டு நெம்புகோலால் அழுத்தும் ஒவ்வொரு தடவையும் அது பதியும். 1842ஆம் ஆண்டு பிரிட்டிஷ் வடிவமைப்புச் சட்டம் கண்ணாடி வடிவமைப்புக்குத் தந்த பாதுகாப்பு மூன்றே ஆண்டுகள். அச்சு அதற்கப்புறமும் உழைக்கும். 1874 என்று காட்டும் கிண்ணம் 1880இல் அழுத்தியதாகவும் இருக்கலாம். ‘காலமுத்திரை’ என்றால் படிப்பவர் அதைத் தயாரித்த ஆண்டு என்றே எடுத்துக்கொள்வார். அந்தத் தவறுக்கு நம் சொல்லே வழிவிடக் கூடாது. ‘பதிவு’ சொல்லுக்குள் இருந்தே ஆகவேண்டும்.

ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்துப் ‘பதிவு வைரம்’ என்பது வேண்டாம், கல் பதித்த பொருளோ என்று தோன்றும். பள்ளிக் கணக்கில் எல்லோரும் படித்த ‘சாய்சதுரம்’ கையிலேயே இருக்கிறது. அதில் மூலைகளும் இருக்கின்றன. எந்த மூலையில் எது என்பதில்தான் விஷயமே. 1842 முதல் 1867 வரை ஆண்டெழுத்து உச்சியில், மாதம் இடப்பக்கம், நாள் வலப்பக்கம், கட்டு எண் (parcel number, அன்றைய பதிவுகளில் இது எது என்று பிரித்துக் காட்டும் எண்) அடியில். 1868 முதல் 1883 வரை நாள் உச்சிக்குப் போகிறது, ஆண்டு வலப்பக்கம் வருகிறது, மாதம் அடியில், கட்டு எண் இடப்பக்கம். ஆகவே ஆங்கில ‘வி’ (V) எழுத்து உச்சியில் இருந்தால் 1850, வலது மூலையில் இருந்தால் 1876. உச்சிக்கு மேலுள்ள வட்டத்தில் ரோமன் மூன்று இருந்தால் கண்ணாடி வகுப்பு; நான்கு என்றால் பீங்கான்.

‘பொட்டல எண்’ என்று குழுவிலுள்ள அம்மா ஒருவர் எழுதியதைவிட எனக்குக் ‘கட்டு எண்’ பிடிக்கிறது. பழைய ஆவணங்களைக் கட்டு என்றுதானே சொல்கிறோம். தேதியும் கட்டு எண்ணும் கிடைத்துவிட்டால், லண்டனின் கியூ (Kew) பகுதியில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் பி.டி. (BT) 44 வரிசைப் பதிவேடுகளில் பதிந்தவர் பெயரைத் தேடலாம், பி.டி. 43 வரிசையில் படத்தைப் பார்க்கலாம். நூற்றைம்பது ஆண்டுக்கு முன் கொடுத்த படத்தோடு கையிலுள்ள கிண்ணம் கோட்டுக்குக் கோடு பொருந்தும்போது வருகிற மகிழ்ச்சி தனி. பதிந்தவர்தான் செய்தவர் என்று மட்டும் உடனே முடிவுகட்டக் கூடாது. விற்பனையாளர் பெயரிலும் பதிவுகள் உண்டு.

1884இல் சாய்சதுரம் போய், 1இல் தொடங்கும் தொடர் எண் வந்தது. அதற்குப் ‘பதிவெண்’ போதும். இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட் ஊரிலிருந்த சோவர்பி கண்ணாடி நிறுவனத்தின் மயில் தலைச் சின்னம் வேறு, அது வணிகக்குறி. இரண்டும் ஒரே கிண்ணத்தில் இருக்கக்கூடும் என்பதால் பெயர்கள் தெளிவாகப் பிரிந்திருப்பது நல்லது.

‘அழுத்துக் கண்ணாடி’ (pressed glass) என்பதை ‘அச்சுக் கண்ணாடி’ என்று வைக்கலாமே என்ற கேள்விக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அச்சுக்குள் ஊதிச் செய்யும் கண்ணாடியும் உண்டு. அதில் வெளியே உள்ள மேடுபள்ளம் உள்ளேயும் கைக்குத் தட்டுப்படும். அழுத்தியதில் உட்புறம் பெரும்பாலும் வழவழப்பு. அதனால் ‘அழுத்து’ இருக்கட்டும்.

மறுப்பு இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் பதிவுச் சாய்சதுரம், கட்டு எண், பதிவெண் மூன்றையும் பட்டியலில் சேர்த்துவிடுகிறேன்.