சின்ன காபிக் கடையில் தனி ஆளாக இரண்டு மணி நேரம் பாடுவது எப்படி?

காவிரிக்கரை:
தஞ்சாவூரில் மருத்துவக் கல்லூரிச் சாலைப் பக்கம் ஒரு காபிக் கடையில், சனிக்கிழமை மாலை ஏழிலிருந்து ஒன்பது வரை கிதார் வாசித்துக்கொண்டு பாடக் கூப்பிட்டிருக்கிறார்கள். முப்பது பேர் உட்காரலாம். எனக்குக் கூட்டுறவு வங்கியில் வேலை. கோயில் விழா, அலுவலக ஆண்டுவிழா என்று நாலைந்து பாட்டு பாடியதோடு சரி. "ஸ்பீக்கர் எங்களிடமே இருக்கிறது, நீங்கள் வந்தால் போதும்" என்கிறார் கடைக்காரர். போய்ப் பார்த்தேன். பாடுகிறவர் உட்காரும் மூலையில், முதுகுக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருக்கிறது. என் சுருதி ஐந்து கட்டை. பிடித்தவையோ பெரும்பாலும் ஆண் குரல் பாட்டுகள். எத்தனை பாட்டு தயார் செய்ய வேண்டும்? மைனஸ் ஒன் டிராக் (பாடகர் குரல் இல்லாத பின்னணி இசைப்பதிவு) போட்டுக்கொள்ளலாமா? பணம் எப்படிப் பேசுவது? யாருமே கவனிக்காவிட்டால்?

பழைய மெல்லிசைக்காரன்:
சகோதரி, கோவையில் மெல்லிசைக் குழுக்களில் கீபோர்டு வாசித்து வளர்ந்தவன் நான். இப்போது ரேஸ் கோர்ஸ், ஆர்.எஸ்.புரம் பக்கத்து உணவகங்களில் தனியாகப் பாடுகிறேன். உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கவனிக்க மாட்டார்கள். திருவிழாவில் மேடைக்கு முன்னால் பாய் விரித்து உட்கார்ந்தவர் உங்கள் பாட்டுக்காக வந்தவர். இங்கே வருகிறவர் பெண் பார்த்த கதையைப் பேச வருகிறார், கைமாற்று கேட்க வருகிறார். எதிரெதிரே உட்கார்ந்த இருவர் குரலை உயர்த்தாமல் பேச முடிகிற அளவுதான் உங்கள் சத்தம். பில் கேட்கிறவர் கையைத் தூக்கி ஆட்டவேண்டி வந்தால் குறைத்துவிடுங்கள். அப்படிப் பாடுகிறவரைத்தான் கடைக்காரர் மறுவாரமும் கூப்பிடுவார்.

பாட்டுக் கணக்கில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். ஐந்து நிமிட சினிமாப் பாட்டில் ஒன்றரை நிமிடம் இடையிசைக்கே போய்விடும். வயலின் கூட்டம் வாசித்ததை ஒற்றைக் கிதாரில் இழுத்தால் கேட்கிறவருக்கு அலுத்துவிடும். அதை வெட்டினால் மூன்றரை நிமிடத்தில் பாட்டு முடிந்துவிடும். நடுவில் கால் மணி ஓய்வு விட்டாலும் முப்பது பாட்டு கையில் இருக்க வேண்டும். ஏழு மணிக்குப் பாதி மேசை காலியாக இருக்கும். அப்போதே ஊரறிந்த பாட்டுகளைக் கொட்டிவிடாதீர்கள். எட்டு மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து கட்டை என்றால் கிதாரில் ஜி சுருதி. ஆண் குரல் பாட்டானாலும் அந்தச் சுருதிக்கே மாற்றிக்கொள்ளுங்கள். கேப்போ (கம்பிகளை அழுத்திச் சுருதியை ஏற்றும் கவ்வி) இல்லாமல் ஜி கார்டு வடிவங்களில் வாசிக்கலாம். டி கார்டு வடிவங்கள் கைக்கு எளிது என்றால் ஐந்தாவது ஃப்ரெட்டில் (கிதார்க் கழுத்தில் உள்ள கட்டம்) கேப்போ போடுங்கள். கடைசி அரைமணியில் தொண்டை கட்டினால் நான்காவது ஃப்ரெட்டுக்கு இறக்குங்கள், நாலரைக் கட்டை. யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை.

டிராக் வேண்டாம் என்பேன். பிறந்தநாள் கேக் வரும், கட்டாயம் வரும். மெழுகுவத்தியோடு சர்வர் சமையலறை வாசலில் நிற்பார். கிதார் என்றால் அந்த வரியோடு முடித்துக்கொண்டு வாழ்த்துப் பாட்டுக்குத் தாவலாம். டிராக் யாருக்காகவும் நிற்காது.

பணம்: தொகை, நேரம், ஓய்வு, சாப்பாடு நான்கையும் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். நான் இரண்டு மணி நேரத்துக்கு 3,500 ரூபாய் வாங்குகிறேன். "உங்களுக்கு நல்ல விளம்பரம் கிடைக்கும்" என்று ஆரம்பித்தால், பால்காரருக்கும் விளம்பரமாகத்தான் கொடுக்கிறீர்களா என்று சிரித்துக்கொண்டே கேளுங்கள்.

மதுரை ஒலிபெருக்கி:
அண்ணன் சொன்னதில் டிராக் விஷயத்தில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. குரலில் நம்பிக்கை வரும்வரை இரண்டு மூன்று பாட்டுக்குப் போடலாம். அது கிடக்கட்டும், அந்த ஸ்பீக்கர் இருக்கும் இடம்தான் கோளாறு. முதுகுக்குப் பின்னால் இருந்து வரும் சத்தம் நேராக மைக்கின் வாய்க்குள் போகும், ஊளையிடும். உங்களுக்கு முன்னால் ஒரு பக்கமாக, கேட்பவரைப் பார்த்து ஸ்டாண்டில் வைக்கச் சொல்லுங்கள். 1966 முதல் விற்கும் ஷூர் எஸ்எம்58 போன்ற மைக்குகள் முன்பக்கச் சத்தத்தைத்தான் நன்றாக எடுக்கும், பின்பக்கத்தைத் தள்ளிவிடும். வலைத்தலையைக் கையால் பொத்திப் பிடித்தால் அந்தக் குணமே போய்விடும். கிதார் 'கும்' என்று உறுமினால் பேஸைக் குறையுங்கள், துளைக்கு ரப்பர் மூடி போடுங்கள்.

இதைவிட முக்கியமானது எர்த். பல கடைகளில் மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின் சாக்கெட்டில் சொருகியிருப்பார்கள். ஆம்ப்ளிஃபயரில் கசிவு இருந்தால் கிதார்க் கம்பிக்கு மின்சாரம் வரும். கை கம்பியில், உதடு மைக்கில். சுரீர் என்று உதட்டில் இழுக்கும். கசிவு பெரிதென்றால் உயிருக்கே ஆபத்து. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்தச் சாக்கெட்டில் எர்த் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பிறகு மிக்சர், ஆம்ப்ளிஃபயர் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே இடத்திலிருந்து மின்சாரம் எடுங்கள்.

வழக்கறிஞர் தோழி:
பிறர் பாட்டைப் பொது இடத்தில் பாட, வரிக்கும் மெட்டுக்கும் உரிமம் வேண்டும். 1969-இல் தொடங்கிய ஐபிஆர்எஸ் என்ற பாடலாசிரியர், இசையமைப்பாளர் உரிமை அமைப்பு அதைத் தருகிறது. பெரும்பாலும் கடைக்காரர்தான் எடுப்பார். எடுத்திருக்கிறாரா என்று கேட்டு வையுங்கள். கல்யாணத்துக்குப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில் விலக்கு உண்டு, காபிக் கடைக்கு இல்லை. டிராக் போட்டால் அந்த ஒலிப்பதிவுக்கு உரிமையாளர் வேறு. தியாகராஜர் கீர்த்தனைகளுக்குச் சிக்கல் இல்லை. பாரதியார் பாடல்களை 1949-இலேயே அரசு பொதுவுடைமை ஆக்கிவிட்டது. ஆனால் சினிமாவில் வந்த மெட்டு அதில் சேராது, சொந்த மெட்டில் பாடுங்கள். திறந்தவெளியில் மேசை போட்டிருந்தால் இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது.

காவிரிக்கரை:
எல்லோருக்கும் நன்றி. ஸ்பீக்கரை முன்னால் மாற்றக் கடைக்காரர் ஒத்துக்கொண்டார். மூலையில் இருப்பது இரண்டு பின் சாக்கெட்தான். எலக்ட்ரீஷியன் வியாழக்கிழமை வருகிறார். 2,000 ரூபாயும் சாப்பாடும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அண்ணா, இன்னும் ஒன்று: தெரியாத பாட்டைக் கேட்டால் என்ன சொல்வது?

பழைய மெல்லிசைக்காரன்:
தெரியாது என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு, அதே இசையமைப்பாளரின் வேறொரு பாட்டைப் பல்லவியோடு சட்டென்று ஆரம்பித்துவிடுங்கள். செல்போனில் வரியைப் பார்த்துப் பாட மட்டும் முயலாதீர்கள். முதல் பாட்டுக்கு முன்பே சூடாகச் சாப்பிட்டுவிடுங்கள். ஒன்பது மணிக்கு அடுப்பை அணைத்துவிடுவார்கள்.